நம்பிக்கை இழக்கலாமா?

 

சங்கத்தின் மாதப் பாடத்திற்கு இம்முறை என்னை எழுதச் சொன்னார்கள். நான் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதும், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்ததுமே என் படிப்பு. மற்றவை எல்லாம் மஸ்ஜித் தானாவில் கடைப் பலகைக்குப் பின்னால் நின்று கற்றவை. ஆகையால் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாடத்தின் விஷயம் நம்பிக்கை. பெரிய பெரிய ஆபத்துகளில் வரும் நம்பிக்கையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. காலையில் கடை திறப்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்புவது, தோட்டத்திற்கு வேலைக்குப் போவது ஆகிய அன்றாடக் காரியங்களில் நமக்கு நம்பிக்கை இருக்கிறதா, இல்லையா என்பதே கேள்வி.

காலையில் என் கடைக்கு வரும் பத்துப் பேரிடம், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், எட்டுப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "என்னத்தைச் சொல்ல பாய், ஒண்ணும் சரியில்லை." என்னிடம், "வியாபாரம் எப்படி?" என்று கேட்டால் நானும், "எங்கே, ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்லி வந்தேன். நல்ல வியாபாரம் நடந்த நாளிலும் அப்படித்தான் சொன்னேன். நன்றாக நடக்கிறது என்று சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயம் பாதி. கடன் கேட்டு வந்துவிடுவார்கள் என்ற பயம் மீதி. ஒரு சொல்லை இருபது வருஷம் தினமும் சொன்னால் அது உள்ளே இறங்கிவிடாதா? எனக்கு இறங்கிவிட்டது. அதனால் நான் செய்த தவறு ஒன்றைப் பின்னால் சொல்கிறேன்.

1. நம்பிக்கை என்றால் என்ன?

மதரஸாவில் எங்கள் உஸ்தாது இதை ஓர் உதாரணத்தால் விளக்குவார்கள். அது இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம்முடைய 'இஹ்யா' என்னும் கிதாபில் எடுத்துக்காட்டிய உதாரணம். இமாம் அவர்கள் 1111-ஆம் ஆண்டில் வஃபாத்தானவர்கள். தொள்ளாயிரம் வருஷம் கடந்த பிறகும் அந்த உதாரணம் நம் தோட்டத்து ஆட்களுக்கென்றே சொன்னது போல இருக்கிறது. அதன் கருத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்.

மூன்று பேர் அறுவடைக்குக் காத்திருக்கிறார்கள். முதலாமவன் நல்ல நிலம் பார்த்து, நல்ல விதை தூவி, தண்ணீர் பாய்ச்சி, களை பிடுங்கிவிட்டு, இனி அல்லாஹ் காப்பாற்றுவான் என்று காத்திருக்கிறான். இரண்டாமவன் கல்லும் மேடுமான நிலத்தில் விதையை எறிந்துவிட்டு, அந்தப் பக்கமே திரும்பிப் பாராமல் விளைச்சலை எதிர்பார்க்கிறான். மூன்றாமவனுடைய நிலம் நல்ல நிலம்தான். ஆனால் தண்ணீர் இல்லை. மழை அதிகம் பெய்யாத இடத்தில் மழை வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான்.

முதலாமவனுடையது நம்பிக்கை. இரண்டாமவனுடையது ஏமாளித்தனம். மூன்றாமவனுடையது வெறும் ஆசை. வெளியிலிருந்து பார்த்தால் மூவரும் திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பவர்களாகவே தெரிவார்கள். அவர்கள் கையைப் பார்த்தால்தான் யார் யார் என்பது விளங்கும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை யாருடையதோ அவனே நம்பிக்கை உள்ளவன்.

நம்பிக்கை என்பது நல்ல குணம், அது சிலருக்குப் பிறவியிலேயே வரும், நமக்கு வராது என்று பலர் நினைக்கிறார்கள். இமாம் அவர்களின் உதாரணப்படி பார்த்தால் அது செய்கையோடு சேர்ந்தது. செய்கையைப் பழகிக்கொள்ளலாம் அல்லவா? ஆகவே நம்பிக்கையையும் பழகிக்கொள்ளலாம்.

2. மலாக்கா மண்ணில் நட்ட மரம்

நம் ஊரைச் சுற்றிலும் இன்று செம்பனை அதிகம். நம் பாட்டனார் காலத்தில் கித்தா மரமே எங்கும் இருந்தது. அந்தக் கித்தா இந்த நாட்டுக்கு வந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1876-ஆம் ஆண்டில் விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேஸில் தேசத்திலிருந்து சுமார் 70,000 கித்தா விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். கித்தா விதை நெல்லைப் போலச் சேர்த்து வைக்கக்கூடியது அல்ல. சில வாரங்களில் உயிர் போய்விடும். லண்டனுக்கு அருகே கியூ தோட்டத்தில் அவற்றை முளைக்க வைத்தார்கள். முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. நூற்றுக்கு நான்குகூட இல்லை! மறு ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 22 கன்றுகள்தான், சகோதரர்களே! நம் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு மூலம் அந்தக் கன்றுகளே.

1888-இல் ரிட்லி என்பவர் சிங்கப்பூர் பூந்தோட்டத்திற்கு அதிகாரியாக வந்தார். மரத்தைக் கொல்லாமல் அடிக்கடி பால் எடுக்கும் வெட்டு முறையைப் பரிசோதித்துக் கண்டவர் அவர். எந்தத் தோட்டக்காரரைக் கண்டாலும் விதைகளைக் கொடுத்து, "இதை நடுங்கள், நடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பைத்தியக்கார ரிட்லி என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். நட்டால் ஆறேழு வருஷம் கழித்துத்தான் பால் வரும். அதுவரை யார் காத்திருப்பது? காப்பி, மரவள்ளி என்று கைகண்ட பயிர்கள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டவர்களே அதிகம்.

அவர் சொல்லைக் கேட்டு வியாபாரத்திற்கென்று முதன்முதலில் கித்தா நட்டவர் நம் மலாக்காக்காரர். அவர் பெயர் டான் சாய் யான். 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங் என்ற இடத்தில் 40 ஏக்கரில் நட்டார். அதன் பிறகு மோட்டார் வண்டி பெருகியது, டயருக்குக் கித்தா வேண்டியிருந்தது, 1910-ஆம் ஆண்டு வாக்கில் விலை வானத்துக்கு ஏறியது. சிரித்தவர்கள் எல்லோரும் விதை தேடி ஓடினார்கள். ரிட்லி நூறு வயது வரை வாழ்ந்து 1956-இல் காலமானார். தாம் கொடுத்த விதை இந்த நாட்டின் செல்வமானதைக் கண்ணால் பார்த்துவிட்டே போனார்.

ஆனால் கதையின் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. அந்த மரங்களை வளர்க்கக் காடு வெட்டியவர்களும், மலேரியா காய்ச்சலில் மடிந்தவர்களும் பெரும்பாலும் நம் தமிழ் மக்கள். நட்டவருக்கு லாபத்தில் நம்பிக்கை இருந்தது. விடியற்காலை விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போன பெண்ணுக்கு எதில் நம்பிக்கை இருந்தது? மாதச் சம்பளத்தில் ஒரு வெள்ளியை மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பலாம், பிள்ளை நாலெழுத்துப் படிக்கும் என்பதில் இருந்தது. எனக்கு அந்த நம்பிக்கையே பெரிதாகப் படுகிறது. ஏனென்றால், அதற்கு 40 ஏக்கர் நிலம் கையில் இல்லை.

3. பத்து வெள்ளி

மெர்டேக்கா வந்த 1957-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்களுக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர். தோட்டம் துண்டானால் வேலை போயிற்று, வேலையோடு லயத்து வீடும் போயிற்று. கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் கேள்விக்குறியாயின. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் இருந்தவர்கள் மூட்டை கட்ட வேண்டிய நிலைமை.

அப்போது மந்திரியாக இருந்த வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டுகிறவர்களிடம், "ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுங்கள், சேர்த்துத் தோட்டத்தையே நாம் வாங்குவோம்" என்னும் யோசனையை வைத்தார்கள். இன்றைக்குக் கேட்டால் சாதாரணமாக இருக்கிறது. அன்றைக்கு ஒரு தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. தலைமுறை தலைமுறையாகத் துரையின் மரத்தை வெட்டியவனிடம் போய், "நீயே முதலாளி ஆகலாம்" என்றால் அவன் நம்புவானா? நம்பாதவர்கள் இருந்திருப்பார்கள். நம்பிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அந்தப் பத்துப் பத்து வெள்ளியால் முதலில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பின்னர் இன்னும் பல தோட்டங்கள் வந்தன.

எல்லாத் தோட்டங்களும் காப்பாற்றப்பட்டன என்று சொல்ல முடியாது. துண்டாடப்பட்டு மறைந்தவையும் உண்டு. ஆனாலும் வாங்கிய தோட்டங்களில் இருந்தவர்களுக்கு வீடும் வேலையும் நிலைத்தன. கஸ்ஸாலி இமாம் அவர்களின் உதாரணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "அரசாங்கம் ஏதாவது செய்யும்" என்று சும்மா இருந்திருந்தால் அது மூன்றாமவனின் ஆசை. பத்து வெள்ளியை எடுத்து வைத்தது தண்ணீர் பாய்ச்சிய முதலாமவனின் நம்பிக்கை.

4. என் கடை நோட்டு

இனி என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் பாடம் என்று எழுத வந்தவன் தன் குறையை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்வது முறையல்ல.

என் பாட்டனார் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி இந்த நாட்டுக்கு வந்தவர். சைக்கிளில் துணி மூட்டை கட்டி, தோட்டம் தோட்டமாகப் போய்க் கடனுக்குக் கொடுத்து, சம்பளத்தன்று வசூலுக்குப் போவார். என் அத்தா காலத்தில் அது மளிகைக் கடையாயிற்று. கடன் மட்டும் மாறவில்லை. மாறவும் முடியாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கித்தா இலை உதிர்த்துவிடும், பால் குறையும். ஆண்டுக் கடைசியில் அடைமழை. மரம் வெட்ட முடியாது. அந்த மாதங்களில் தோட்டத்துக் குடும்பங்கள் கடைக் கடனில்தான் சாப்பிட்டன. அத்தா சின்னதாய் ஒரு '555' நோட்டில் பெயர் பெயராக எழுதி வைப்பார். இந்த நாட்டில் கடை வைத்த எவருக்கும் அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிவாசலில் ஜமாஅத் நின்றது, ஜும்ஆ நின்றது. சாப்பாட்டுச் சாமான் கடை என்பதால் என் கடை திறந்திருந்தது. ஆனால் வாங்க வருகிறவர்கள் கையில் காசு இல்லை. நோட்டில் நாற்பது பேர் அளவில் ஏறிவிட்டார்கள். 2021 ஜூன் 1-இல் மறுபடியும் முழு முடக்கம். எனக்குச் சாமான் போடுகிற மொத்த வியாபாரியோ ரொக்கம் கேட்டார். ஒரு ராத்திரி நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். கூட்டிய தொகையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. "இனி யாருக்கும் கடன் இல்லை" என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் ஓர் அம்மாள் வந்தார். சாப்பாட்டுக் கடை ஒன்றில் பாத்திரம் கழுவுகிறவர். அந்தக் கடை மூடிக் கிடந்தது. கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். அரிசியும் பால் மாவும் கேட்டார். நான் நோட்டைத் திறந்து காட்டி, "பழையதை முதல்ல பாருங்கம்மா" என்றேன். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நாடெங்கும் வெள்ளைக் கொடி என்ற ஏற்பாடு பரவியது. வீட்டில் சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள் வாய் திறந்து கேட்க வேண்டாம், வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், பார்க்கிறவர்கள் உதவுவார்கள். எத்தனையோ ஊர்களில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வித்தியாசம் இல்லாமல் அந்தத் துணியைப் பார்த்து வீட்டு வாசலில் அரிசி மூட்டை வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து நான் சாமான் கொடுக்க வண்டியில் போனேன். என் மகனும் கூட வந்தான். "அத்தா, அங்கே பாருங்க" என்றான். அந்த அம்மாள் வீட்டு வேலியில் ஒரு வெள்ளைத் துணி; பிள்ளையின் பள்ளிச் சட்டையைக் கட்டியிருந்தார். பள்ளிக்கூடம்தான் மூடிக் கிடந்ததே!

வண்டியை நிறுத்தினேன். அந்தச் சட்டையை அங்கே தொங்கவிட்டது நான்தான் என்று எனக்குத் தோன்றியது. வண்டியில் இருந்த அரிசி, பருப்பு, எண்ணெய், பால் மாவு எல்லாவற்றையும் இறக்கி வாசலில் வைத்தேன். அந்த அம்மாள் வெளியே வந்து பார்த்தார். "இது சும்மா வச்சுக்கோங்கம்மா" என்றேன். அவர் சாமானைத் தொடவில்லை. "நோட்டுல எழுதிக்கோங்க பாய். சும்மாவா வேண்டாம். கடை திறந்ததும் கொடுத்துடுவேன்" என்றார்.

அப்போது எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. அவர் என்னிடம் கேட்டது அரிசி மட்டுமல்ல. தன் பெயர் என் நோட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டார். கடன் என்று எழுதினால் என்ன அர்த்தம்? நாளை என்று ஒன்று இருக்கிறது, அப்போது இவர் சம்பாதிப்பார், நான் வாங்கிக்கொள்வேன் என்று அர்த்தம். ஒன்றுமில்லாமல் இருந்த அவருக்கு அந்த நாளையில் நம்பிக்கை இருந்தது. கடை நிறையச் சாமான் வைத்திருந்த எனக்கு அது இல்லாமல் போயிற்று. நான் நோட்டை எடுத்து எழுதினேன். என் கை நடுங்கியதை மகன் பார்த்தான்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த அம்மாள் சாப்பாட்டுக் கடை திறந்த பிறகு ஐந்தும் பத்துமாகக் கொடுத்து, ஓர் ஆண்டுக்கு மேல் எடுத்துக் கடனைத் தீர்த்தார். நோட்டில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கொடுத்துவிட்டார்கள். சிலர் இன்னும் கொடுக்கவில்லை. இருவர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். நஷ்டம் நஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடை இருக்கிறது. கடையை மூடாமல் வைத்தது, கொடுத்துத் தீர்த்தவர்களின் நாணயம்.

5. நாம் பழக வேண்டியவை

ஒன்று: காலையில் வாயில் வரும் முதல் சொல்லைத் திருத்துவோம். பறவை பறந்த திசையைப் பார்த்துச் சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் விலக்கினார்கள். நல்ல சொல் காதில் விழுவதை விரும்பினார்கள். பூனை குறுக்கே போயிற்று, பல்லி சொல்லிற்று என்று நின்றுவிடும் பழக்கம் நம்மில் இன்னும் இருக்கிறது. "ஒன்றுமில்லை" என்று சொல்வதும் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கெட்ட சகுனமே. பொய்யாக, "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றும் சொல்ல வேண்டாம். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, உண்மையிலேயே நல்லதாக உள்ள ஒன்றைச் சொல்லுங்கள். "முழங்கால் வலிக்கிறது, ஆனால் பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான்" என்றால் இரண்டும் மெய்தானே?

இரண்டு: ஒவ்வோர் ஆண்டும் பலன் தாமதமாக வரும் காரியம் ஒன்றையாவது செய்வோம். கியாமத் நாளே வந்துவிட்டாலும், கையில் கன்று இருந்தால் அதை நட்டுவிட வேண்டும் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. ஒரு தென்னம்பிள்ளை நடலாம். பிள்ளையின் பெயரில் மாதம் பத்து வெள்ளி போடலாம். மூப்பில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொள்ளத் தொடங்கலாம்.

மூன்று: கடன் கொடுத்தால் எழுதுங்கள், கஷ்டப்படுகிறவனுக்குத் தவணை கொடுங்கள். 'பகரா' சூராவில் இந்த இரண்டு கட்டளைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எழுதாமல் கொடுப்பது இரண்டாமவன் கல்லில் விதை எறிந்தது போன்றது. தவணை கொடுக்காமல் நெருக்குவது முளைக்கிற பயிரைப் பிடுங்குவது போன்றது.

நான்கு: துக்கத்தில் இருப்பவனை, "உனக்கு ஈமான் குறைவு" என்று ஏசாதீர்கள். யஃகூப் நபி (அலை) அவர்கள் மகன் யூஸுஃபை நினைத்து அழுது கண் பார்வையே மங்கிப் போனார்கள். அதே யஃகூப் நபிதான் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, போய்த் தேடுங்கள், அல்லாஹ்வின் கருணையில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்ற கருத்துப்படச் சொன்னார்கள். கண்ணீரும் நம்பிக்கையும் ஒரே மனதில் இருக்க முடியும்.

ஐந்து: தனியாக நம்புவது கடினம், சேர்ந்து நம்புவது சுலபம். பத்து வெள்ளிக் கதை அதைத்தானே காட்டுகிறது? அக்கம்பக்கத்தில் வாரம் ஒரு வீட்டையாவது எட்டிப் பாருங்கள். வெள்ளைத் துணி தொங்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

6. வீட்டில் பேசிப் பார்க்க

இந்தக் கேள்விகளை மக்ரிபுக்குப் பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள்.

(அ) இமாம் கஸ்ஸாலி அவர்களின் உதாரணத்தில் வரும் மூவரில், நம் வீட்டுக் காரியங்களில் நாம் எந்த ஆளாக இருக்கிறோம்?

(ஆ) நம் குடும்பத்தில் முதலில் கப்பலேறி வந்தவர் எதை நம்பி வந்தார்? பிள்ளைகளுக்கு அது தெரியுமா?

(இ) "பழையதை முதலில் பார்" என்று நாம் யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறோமா? அவர் வீடு எங்கே இருக்கிறது?

நம் ஊரின் பெயருக்கு மண் பள்ளிவாசல் என்று பொருள். மலாக்கா பட்டணத்தில் நம்மவர் 1748-இல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும் முதலில் மரத்தால் ஆனதுதான். 1872-இல்தான் செங்கல் கட்டடமாயிற்று. இருந்ததை வைத்துத் தொடங்கினார்கள்; பின்னால் வந்தவர்கள் பலப்படுத்தினார்கள். நம் கையில் இன்று மண் இருந்தால் மண்ணைக் கொண்டு தொடங்குவோம்.

அந்தப் பழைய '555' நோட்டை நான் வீசவில்லை. கல்லாப் பெட்டியில் வைத்திருக்கிறேன். "ஒண்ணுமில்லை" என்று வாயில் வரும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து அதைப் பார்க்கிறேன். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் நல்ல நம்பிக்கையையும், அதற்கேற்ற உழைப்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.